இது யார் வார்த்த எழுத்து?

ஒரு தாளைக் கையிலெடுத்துப் படிப்பவர் அதிலுள்ள செய்தியையே கவனிக்கின்றனர். அச்செய்தியைத் தாங்கி நிற்கும் எழுத்தின் உருவத்தைக் கவனிப்பவர் மிகச் சிலர். ஆயினும் அச்சிட்ட தாள் ஒவ்வொன்றும் இரண்டு சேதிகளைச் சொல்லுகின்றது. ஒன்று, அதனை எழுதியவர் சொல்லக் கருதியது. மற்றொன்று, அவர் சொல்லக் கருதாதது. அஃதாவது, இவ்வெழுத்து எவ்விடத்தில் வார்க்கப்பட்டது, எக்காலத்தது, எவருடைய அச்சுக்கூடத்தினின்று வந்தது என்பது. இந்த இரண்டாவது சேதியைப் படிக்கும் பழக்கம் தமிழ் மக்களிடையே பரவவில்லை. அது பரவ வேண்டுமென்பதும், பரவாமையால் நாம் இழந்து வருவது சிறிதன்று என்பதுமே இக்கட்டுரையிற் சொல்ல வந்தவை.

"எழுத்தைப் படித்துப் பொருளறிந்தாற் போதாதா? அதன் சாதகத்தையும் கணிக்க வேண்டுமோ?" என்று சிலர் கேட்கக் கூடும். அன்னாருக்கு நமது தொழிலிலிருந்தே ஒரு விடை கூறுவோம். கோலசிலாங்கூர்ப் பக்கத்துப் புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களில் பல்லாண்டு வேலை பார்த்த கிராணி ஒருவரிடம், பெயரும் தேதியுமில்லாத பழைய செக்ரோல் ஏடு ஒன்றைக் காட்டுங்கள். "இது இன்ன கிராணியின் கை, அவர் இருந்தது இன்ன துரையின் காலம், ஆகவே இவ்வேடு இன்ன வருடத்தை ஒட்டியதாக இருக்கும்" என்று அவர் சொல்லிவிடுவார். கையெழுத்துக்கு ஒரு முகம் உண்டென்பதை எல்லோரும் ஒப்புகின்றனர். அச்செழுத்துக்கும் அவ்வாறே ஒரு முகம் உண்டு. அதனையும் ஒரு மனிதரே வரைந்தார். ஒரு மனிதரே எஃகில் வெட்டினார். ஒரு மனிதரே ஈயத்தில் வார்த்தார். அம்முகத்தை அறிந்துகொள்ளுதல் வித்துவான்களுக்கு மட்டுமே உரிய வித்தையன்று.

ஆங்கிலப் பள்ளிகளிற் படித்து உத்தியோகத்துக்கு வந்த நம்போன்றார், ஆங்கில எழுத்துருக்களின் பெயரைத் தடையின்றிச் சொல்லுகின்றோம். 'டைம்ஸ் நியூ ரோமன்' என்பது 1932-ஆம் ஆண்டில் இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கென ஸ்டான்லி மாரிசன் என்பாரின் மேற்பார்வையில் உருவானதென்பதும் நம்மிற் சிலருக்குத் தெரியும். ஆனால் தமிழ்ப் பத்திரிகை ஒன்றைக் காட்டி, "இவ்வெழுத்தின் பெயர் யாது?" என்று கேட்டால் விழிக்கின்றோம். தமிழெழுத்தென்றால் எல்லாம் ஒன்றுதானே என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றியிருக்கின்றது. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானதென்பதைத் தமிழ் அச்சின் வரலாறே காட்டும்.

தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது தமிழ் எழுத்தில் அன்று. 1554-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில், கிறிஸ்து மத உபதேச நூலொன்று தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் பெயர்த்து அச்சிடப்பட்டது. தமிழுக்கு அக்காலத்தில் வார்ப்பெழுத்து இல்லை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1578-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்திலேயே அச்சாகி முடிந்தது. அதனை ஆக்கியவர் முத்துக்குளித்துறையிற் பணிபுரிந்த அண்டிரிக் அடிகளார் என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார். அதன் மூலப்பிரதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வருகின்றது.

இந்நூலில் நமது பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று உளது. இரண்டு வகை எழுத்துகளின் மாதிரிகள் அந்நூலிலேயே காட்டப்பட்டுள்ளன. ஒன்று 1577-இல் கோவாவில் செய்யப்பட்டது. மற்றொன்று 1578-இல் கொல்லத்தில் செய்யப்பட்டது. கோவா எழுத்தைச் செய்தவர் ஜுவாம் கொன்சால்வெஸ். கொல்லத்து எழுத்தைச் செய்தவர் ஜுவாம் தெ ஃபரியா. முதல் எழுத்து திருப்தியாக அமையாமையால் இரண்டாவது செய்யப்பட்டது. ஆக, தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே "இது யார் வார்த்த எழுத்து?" என்னும் வினாவுக்கு விடையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பிறந்திருக்கின்றது. பின்வந்த நூல்களிற் பெரும்பாலானவை இவ்விடையைச் சொல்லாமலே விட்டன. ஆசிரியர் பெயர் உண்டு. அச்சுக்கூடத்தின் பெயர் உண்டு. பொருளுதவி செய்த பிரபுவின் பெயர் பட்டங்களோடு உண்டு. எழுத்தை வெட்டியவன் பெயர் மட்டும் இல்லை. உழைத்தவன் பெயர் ஏட்டிலேறாமை நம் நாட்டுக்குப் புதிதன்று.

பெயர் சொல்லப்படாவிடினும், வேற்றுமை தாளிலேயே நின்று பேசுகின்றது. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்ச்சுகீசிய அகராதிக்கு எழுத்துகள் மரத்தில் செதுக்கப்பட்டன; செதுக்கியவர் இக்நேஷியஸ் ஐச்சாமணி என்னும் நம்மவர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், தமிழெழுத்தின் மாதிரிகளை எழுதி ஜெர்மனி தேசத்து ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழ் ஒரு சொல்லும் அறியாத வேலைக்காரர் அம்மாதிரியைக் கண்ணாற் பார்த்தே வெட்டி வார்த்த எழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியன. காகிதமோ அருமை. அவ்வெழுத்திலேயே புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடின் காகிதம் போதாது. ஆகவே பொறையாற்றில் சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்தனர். ஈயத்துக்கு வழியில்லாதபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கிப் பயன்படுத்தினர். 1715-இல் முடிவுற்ற அந்தப் புதிய ஏற்பாட்டைப் புரட்டுவோர், எழுத்தின் உருவத்தைக் கொண்டே காகிதப் பஞ்சத்தையும் கண்டுகொள்ளலாம்.

பிற்பாடு 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சியந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, வேப்பேரியிலிருந்த பெப்ரீஷியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1835-இல் மெட்காப் துரையின் சட்டத்தால் அச்சுத்தொழிலுக்கிருந்த கட்டு நீங்கவே, நம்மவர் கைக்கும் அச்சுக்கூடம் வந்தது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1849-இல் தமது வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினார். சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பவர் தமிழெழுத்தைச் சிறிதாகவும் தெளிவாகவும் வார்ப்பதில் ஊக்கங்காட்டினார். 1862-இல் அங்கு வெளிவந்த வின்சுலோ அகராதி அதற்குச் சான்று. தரங்கம்பாடிப் பக்கம் ஒன்றையும் அவ்வகராதிப் பக்கம் ஒன்றையும் அருகருகே வைத்தால், தமிழே படிக்கத் தெரியாதவனும் இவை இரண்டும் வேறு எழுத்தென்று சொல்லுவான்.

கண்ணுக்கு வேறாகத் தெரிவது போதாது. வேற்றுமையை அளந்து சொல்ல ஒரு முறை வேண்டும். ஐரோப்பாவில் இம்முறையை அமைத்தவர்களில் இருவரைக் கூறுவோம். பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த இராபர்ட் பிராக்டர் 1898-இல் வெளியிட்ட அட்டவணையில், 15-ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களை அவற்றின் எழுத்தைக் கொண்டு நாடு, நகரம், அச்சுக்கூடம் என்னும் வரிசையில் வகுத்தார். ஜெர்மானியரான கான்ராட் ஹேப்ளர் 1905 முதல் வெளியிட்ட நூலில், கோதிக் வகை எழுத்தில் 'எம்' என்னும் ஒரே எழுத்தின் வடிவ பேதங்களை வகைப்படுத்தினார். அத்துடன் 20 வரிகளின் உயரத்தை மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்கும் முறையையும் கையாண்டார். வடிவம் ஒன்று, அளவு ஒன்று. இவ்விரண்டும் ஒத்துவரின் அச்சுக்கூடம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இம்முறையைத் தமிழுக்குக் கையாளப் பெரிய சாதனம் ஒன்றும் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் ஒன்று போதும். ஒரு பக்கத்தில் 20 வரிகளின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்க. பின்னர் சுழியும் வளைவும் மிகுந்த எழுத்துகளை, அஃதாவது ண, ழ, ஐ, ஞ போன்றவற்றை, நோக்குக. சுழி வட்டமா, நீள்வட்டமா? மை புகுந்து அடைத்துக்கொள்ளும் அளவு சிறியதா? கோடு முழுதும் ஒரே தடிப்பா, தடித்தும் மெலிந்தும் வருவதா? ழகரத்தின் வால் வரிக்குக் கீழே எவ்வளவு இறங்குகின்றது? ஈய எழுத்தாயின், முனையொடிந்த ஒரே எழுத்து பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வருகின்றதா? அவ்வாறு ஒடிந்த எழுத்து இரண்டு வேறு நோட்டீசுகளில் காணப்படின், இரண்டும் ஒரே அச்சுக்கூடத்து எழுத்தறையிலிருந்து வந்தவையென்று துணியலாம்.

இவை எழுத்துருவின் வேற்றுமைகள். இவற்றினும் ஆழமான வேற்றுமை ஒன்று உளது. அது எழுத்தின் அமைப்பே காலத்துக்குக் காலம் மாறியமை. ஓலையில் எழுதிய நம் முன்னோரிற் பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளியிட வேண்டுமென்று தொல்காப்பியம் விதித்திருந்தும், அதுவும் வழக்கில் நிலைக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் அச்சு நூல்களும் அவ்வழியே சென்றன. அவற்றில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் இடம் நோக்கியே பிரித்துப் படித்தல் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கெனத் தனிச் சுழி வகுத்தார். நாம் இன்று 'கெ' என்றும் 'கே' என்றும் வேறுபடுத்தி எழுதுவது அவர் செய்த மாற்றத்தின் பயன். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருந்த நிலை மாறி இரண்டும் வேறு உருப்பெற்றதும், மெய்க்குப் புள்ளி தவறாமல் இடும் வழக்கம் நிலைபெற்றதும் அச்சு பரவிய பின்னரே. பக்கவெண்களைத் தமிழ் இலக்கத்திற் போடுவதும் பழைய அச்சின் அடையாளங்களில் ஒன்று.

எழுத்தின் வடிவம் ஆதியிலிருந்து மாறாதது, ஆதலால் மாற்றலாகாதது என்று வாதிப்போர் இங்குச் சற்று நின்று சிந்திப்பாராக. எந்த எழுத்து மாறாதது? புள்ளியில்லாத எழுத்தா? வீரமாமுனிவர் சுழித்த எழுத்தா? ஹாலே நகரத்துத் தொழிலாளி பார்த்து வெட்டிய எழுத்தா? அவர்கள் மாறாத பழமையென்று போற்றியது, தாங்கள் சிறுவயதிற் பள்ளியிற் கண்ட அரிச்சுவடியின் எழுத்தேயன்றி வேறன்று.

இவ்வாதம் வெறும் வாய்வாதமாக நில்லாமல் செயலில் மோதியது 1935-ஆம் ஆண்டில். அவ்வாண்டு பெரியார் ஈ.வெ.ரா. தமது 'குடி அரசு' வார இதழில் சீர்திருத்திய எழுத்துகளை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அதுகாறும் ணகர, றகர, னகரங்கள் ஆகாரம் ஏறும்போது காலைச் சேர்க்காமல் அடியில் வளைத்துச் சுழித்து எழுதப்பட்டன. ஒகர ஓகாரங்களிலும் அவ்வாறே. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போன்ற ஒரு கொம்பை எழுத்தின் தலையிலே தாங்கி நின்றன. ஆகாரத்தில் 3, ஒகரத்தில் 3, ஓகாரத்தில் 3, ஐகாரத்தில் 4, ஆக 13 எழுத்துகள் பொதுவிதிக்கு அடங்காமல் நின்றன. இப்பதின்மூன்றையும் ஏனைய எழுத்துகளைப் போலவே காலும் இணைக்கொம்பும் சேர்த்து எழுதுவோமென்றார் பெரியார். கற்கும் குழந்தைக்குச் சுமை குறையும். அச்சுக்கோப்பவருக்கு எழுத்தறை குறையும். தட்டச்சுக்கும் எளிதாகும் என்பன அவர் காட்டிய காரணங்கள். இம்மாற்றத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்று ஆணையிட்டது 1978-ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தவை 43 ஆண்டுகள். பின்னர் நமது மலேசிய நாட்டிலும் அவ்வெழுத்தே பள்ளிக்கும் பத்திரிகைக்கும் உரியதாயிற்று.

இங்குத் தேதியில்லாத் தாளுக்குத் தேதி காணும் விதி ஒன்று நமக்குக் கிட்டுகின்றது. துதிக்கை போன்ற ஐகாரம் காணப்படுவதால் மட்டும் ஒரு தாள் 1978-க்கு முற்பட்டதென்று முடிவுகட்டலாகாது. ஈய எழுத்து விலையுள்ள பொருள்; சிற்றூர் அச்சுக்கூடக்காரர் அரசாணை வந்த மறுநாளே அதனை உருக்கிவிடமாட்டார்; பழைய எழுத்தையே மேலும் பல்லாண்டு ஓட்டுவார். மறுபக்கத்தில், சீர்திருத்த எழுத்து காணப்படுவதாலேயே ஒரு தாள் 1978-க்குப் பிற்பட்டதென்றும் சொல்லலாகாது. அது 1935-க்குப் பின் சுயமரியாதை இயக்கத்தார் அச்சிட்டதாக இருக்கலாம். ஆயின் ஒன்றைத் துணிந்து கூறலாம். ஓர் எழுத்து பிறந்த ஆண்டுக்கு முன்னே, அவ்வெழுத்திலமைந்த தாள் பிறந்திருக்க முடியாது. எழுத்து தாளின் மூப்புக்கு மேல்வரம்பு கட்டும். மற்றவற்றைக் காகிதம், மை, செய்தி, பெயர்கள் ஆகிய பிற சாட்சிகளைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்விதியின் வலிமையும் எல்லையும் 2017-ஆம் ஆண்டில் பாகிஸ்தானத்தில் உலகறிய விளங்கின. அந்நாட்டுப் பிரதமரின் குடும்பத்துச் சொத்தைப் பற்றிய வழக்கில், 2006-ஆம் ஆண்டு பிப்ரவரித் தேதியிட்ட பத்திரம் ஒன்று காட்டப்பட்டது. அஃது அமைந்திருந்த ஆங்கில எழுத்துரு 'காலிப்ரி' என்பது. அவ்வெழுத்துரு பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்ததோ 2007-இல். ஆகவே இப்பத்திரம் பின்னாளில் தயாரித்து முன்தேதி இடப்பட்டதென்று உச்சநீதிமன்றம் அமைத்த விசாரணைக்குழு கருதியது. சோதனைப் பதிப்பாக அவ்வெழுத்துரு முன்னரே சிலர் கைக்கு எட்டியிருந்ததென்று எதிர்தரப்பார் வாதித்தனர். வழக்கு பல படிகளைத் தாண்டி, மேல்முறையீட்டில் அக்குடும்பத்தார் விடுதலையும் பெற்றனர். எழுத்துரு ஒரு சாட்சி, வலிய சாட்சி, ஆயினும் தீர்ப்புக் கூறும் அதிகாரம் அதற்கில்லை என்பதே இதனாற் பெறும் பாடம்.

இனி நமது மலாயாவுக்கு வருவோம். ஈய எழுத்துக்கும் கணினி எழுத்துக்கும் இடையே நின்றது தட்டச்சு யந்திரம். தமிழ்த் தட்டச்சின் தந்தையென்று போற்றப்படும் ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, இளமையிலேயே பிழைப்பு நாடி இப்பக்கம் வந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்தவர். நம்மைப் போல் ஆங்கிலத் தட்டச்சைத் தினந்தோறும் தட்டிய ஒருவரே, "தமிழுக்கு இஃது ஏன் இல்லை?" என்று கேட்டார் என்பதை எண்ணுந்தோறும் மகிழ்ச்சி உண்டாகின்றது. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்குவது எளிதன்று. புள்ளி, கொக்கி போன்றவற்றை அடிக்கும்போது தாள் நகராமலே நிற்கும்படி 'நகரா விசை' என்பதை அவர் அமைத்தார். முதலில் புள்ளியோ கொக்கியோ விழும். பின்னர் அதே இடத்தில் எழுத்து விழும். இதனாலேயே தட்டச்சுத் தாளை அடையாளங் காண்பது எளிதாயிற்று. புள்ளி எழுத்தின் தலைமீது சரிவரப் பொருந்தாமல் சற்றே இடமோ வலமோ ஒதுங்கி நிற்கும். கொக்கி எழுத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

தட்டச்சு தந்த விசையமைப்பு யந்திரத்தோடு ஒழியவில்லை, கணினிக்குள்ளும் புகுந்தது. இங்குத்தான் எழுத்துருவின் பெயரறிதல் வாழ்வு சாவுப் பிரச்சினையாக மாறிற்று. கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகவே வைத்துக்கொள்கின்றது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் எல்லோரும் ஒத்திருந்தாலன்றி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. தமிழில் இவ்வொற்றுமை தொடக்கத்தில் இல்லை. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளை வெளியிட்டது முதல், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தமிழ்நாடு, கனடா முதலிய நாடுகளில் தமிழன்பர்கள் பலர் எழுத்துருக்களைச் செய்தனர். அவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் எழுத்துகளுக்கு ஒருவர் வைத்த எண் வரிசையும் மற்றொருவர் வைத்ததும் ஒன்றாயிருக்கவில்லை. ஆகவே எழுத்துருவின் பெயர் தெரியாவிடின், தாளே படிக்க முடியாத தாளாயிற்று.

உதாரணமாக, 'பாமினி' என்னும் புகழ்பெற்ற எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அது தட்டச்சின் விசையமைப்பைப் பின்பற்றி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை அமர்த்தியது. அதில் 'தமிழ்' என்று எழுதினால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அவை 'தமிழ்' என்று ஒளிரும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். அக்குப்பையைக் கண்டவுடனே எறிந்துவிடாமல் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் அடையாளம் அகப்படும். தமிழில் மெய்ப்புள்ளி மிகுதியாக வரும். பாமினியில் அப்புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். ஆகவே வரிக்கு வரி அரைப்புள்ளிகள் இறைந்து கிடக்கும் குப்பை பெரும்பாலும் பாமினியாகும். வேறு எழுத்துருவாயின், எந்தக் குறி மிகுதியாக வருகின்றதென்று எண்ணிப் பார்த்து, அதனைப் புள்ளியென்று கொண்டு, மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துப்பறியலாம். பிராக்டரும் ஹேப்ளரும் அடிக்கோலால் செய்த வேலையை இங்கு எண்ணிக்கையாற் செய்கின்றோம், முறை ஒன்றே.

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர் முயன்றனர். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின; சென்னை மாநாட்டின் பயனாக எண் வரிசைக்கும் விசைப்பலகைக்கும் பொதுத்தரங்கள் வகுக்கப்பட்டன. உலகமொழிகளுக்கெல்லாம் ஒரே எண் வரிசை வகுக்கும் 'யூனிகோடு' என்னும் ஒருங்குறி 1991-இல் தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கும் இடமளித்திருந்தது. அதனைத் தமிழ்நாட்டு அரசு 2010-இல் தரமாக ஏற்றது. ஒருங்குறியின் பெரும்பயன், எழுத்தையும் எழுத்துருவையும் வேறு வேறாகப் பிரித்தமை. இப்பொழுது 'த' என்பதற்கு எண் ஒன்றே. அதனை 'லதா'வில் காட்டினாலென்ன, 'இணைமதி'யிற் காட்டினாலென்ன, அது 'த'வாகவே நிற்கும். உடையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. இன்று ஒரு கோப்பின் எழுத்துருவை அறிய வேண்டின், கணினியையே கேட்கலாம். அது பெயரைச் சொல்லிவிடும். பி.டி.எஃப். கோப்பாயின் அதன் பண்புக்குறிப்பைத் திறந்தால் எழுத்துருக்களின் பட்டியல் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆனால் அச்சிட்டுவிட்ட தாளும், படமாகப் பிடித்த பக்கமும் அவ்வாறு வாய்திறவா. அங்கு நமது கண்ணே துணை.

இனி எழுதப்படுவன பிழைத்துக்கொள்ளும். முன்னர் எழுதப்பட்டன என் செய்யும்? நமது கவலையெல்லாம் அதைப் பற்றியதே. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நம்மவர் நான்கைந்து தலைமுறையாக உழைத்து வந்துள்ளனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போயின, லயங்கள் இடிபட்டன, மக்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறினர். அவர்கள் வரலாற்றுக்கு எழுத்துச் சான்று எங்கே உளது? கம்பெனியாரின் கணக்கேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன; அவற்றில் நம் பாட்டன் பாட்டிமார் நாட்கூலிக் கணக்காகவே இடம் பெற்றனர். அவர்கள் பேசியதும், கூடியதும், வாதித்ததும், படிப்பகம் அமைத்ததும், கலப்புமணம் செய்ததும், கள்ளுக்கடை வேண்டாமென்றதும் தமிழில் அச்சிட்ட துண்டு நோட்டீசுகளிலும், திருமண அழைப்பிதழ்களிலும், பள்ளி விழா மலர்களிலும், சங்க அறிக்கைகளிலுமே காணத்தக்கவை. அவற்றில் நாளும் கிழமையும் இருக்கும்; ஆண்டு பலவற்றில் இராது. அன்று அச்சிட்டவருக்கு அது எந்த ஆண்டென்பது தெரிந்ததாதலின் எழுதவில்லை. இன்று நமக்குத் தெரியவில்லை. எழுத்தின் முகத்தைப் படிக்கத் தெரிந்தோர் இருப்பின், அத்தாள்கள் மீண்டும் வரிசைப்படும். ஒரு தோட்டத்து மக்களின் கதை முன்பின்னாக நிற்கும்.

இதனினும் கொடியது 1990-களில் கணினியில் எழுதப்பட்டவற்றின் நிலை. ஒரு சங்கத்தாரின் பல்லாண்டு நடவடிக்கைக் குறிப்புகள் அடங்கிய தகடுகளைப் பிற்காலத்தில் ஒருவர் திறந்து பார்த்தபோது ஆங்கிலக் கிறுக்கலே தோன்றியதாம்; கெட்டுப்போயின என்று கருதிக் குப்பையில் எறிந்துவிட்டாராம். கெட்டுப்போனது தகடன்று, எழுத்துருவின் பெயர் மறந்துபோயிற்று, அவ்வளவே. செல்லரித்த ஓலையை நினைத்து வருந்தும் நாம், செல்லரியாமல் முழுதாக இருக்கும் ஒன்றைப் பெயர் தெரியாத காரணத்தாலே எரித்தால், அதனை யார்மீது சாட்டுவது?

ஆகவே தோழர்களே, நாம் வேண்டுவன சில. உங்கள் வீட்டிலோ, சங்கத்திலோ, பள்ளியிலோ பழைய அச்சுத் தாள் இருக்குமானால் அதனை எறியாதீர்கள். அதன் 20 வரிகளின் உயரத்தை அளந்து, ணகர றகர னகரங்கள் எவ்வுருவில் நிற்கின்றன என்பதையும் எழுதி, ஓர் உறையிலிட்டு வையுங்கள். அதே எழுத்தில் அமைந்த, ஆண்டு தெரிந்த வேறொரு தாள் பிறரிடம் அகப்படும் நாளில் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். பழைய தகடோ கோப்போ கிறுக்கலாகத் தோன்றினால், எந்தக் குறி மிகுதியென்று எண்ணிப் பாருங்கள். எழுதியவர் உயிரோடிருக்கும்போதே எந்த எழுத்துருவில் எழுதினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின் ஒருங்குறிக்கு மாற்றி இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். புதிதாக மலரோ அறிக்கையோ வெளியிடுவோர் கடைசிப் பக்கத்தில் ஆண்டு, அச்சகம், எழுத்துரு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அச்சிடுவாராக. கொல்லத்தில் 1578-இல் செய்து காட்டப்பட்ட காரியந்தான் இது. நமக்கு அதற்கு ஒரு காசும் செலவில்லை.